ஒருவரைக் காணோமே!



பள்ளிக்கூடமாயினும், தொழிற்சாலையாயினும், மதரஸாவாயினும் வருகைப் பதிவேடு இல்லாத இடமில்லை. நாள்தோறும் பெயர்களை வாசிக்கிறார்கள். வந்தவருக்கு ஒரு குறியும் வராதவருக்கு மற்றொரு குறியும் இடுகிறார்கள். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துச் சம்பளத்தில் கழிக்கிறார்கள். அல்லது பெயரையே அடித்துவிடுகிறார்கள். ஏட்டின் வேலை அத்துடன் முடிந்துவிடுகிறது. மனிதனின் வேலையோ அங்கேதான் தொடங்குகிறது. "வரவில்லை" என்று எழுத ஒரு பேனா போதும். "ஏன் வரவில்லை?" என்று கேட்டு எழுந்து செல்வதற்கு ஓர் இதயம் வேண்டும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவில் எத்தனையோ வாழ்க்கைகள் தொலைந்து போயிருக்கின்றன. எத்தனையோ வாழ்க்கைகள் மீண்டும் வந்திருக்கின்றன. அவ்வாறு மீண்டுவந்த சிலரைப் பற்றியும், என் கவனக்குறைவால் மீளாமற்போன ஒருவரைப் பற்றியும் இந்த வெள்ளிக்கிழமையில் உங்களுடன் பேச விழைகிறேன்.

ஒரு சொல்லும் அதன் வேரும்

அரபு மொழியில் 'தஃபக்குத்' என்றொரு சொல் உண்டு. 'ஃபகத' என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. 'ஃபகத' என்றால் 'இழந்தான்' என்பது பொருள். 'தஃபக்குத்' என்பதோ, தம்மைச் சேர்ந்தவர்களுள் யாரைக் காணோம் என்று பார்வையிட்டு, காணாதவரைத் தேடி விசாரிப்பதைக் குறிக்கும். இழப்பதும் தேடுவதும் ஒரே வேரிலிருந்து கிளைத்திருப்பதைக் கவனியுங்கள். இழந்துவிட்டோம் என்று உணர்கிறவனே தேடப் புறப்படுவான். தன் கூட்டத்தில் ஒருவர் குறைந்ததையே அறியாதவன் எதைத் தேடப் போகிறான்?

இச்சொல் திருக்குர்ஆனில் 27-ஆம் அத்தியாயத்தில் வருகிறது. ஸுலைமான் (அலை) அவர்கள் மாபெரும் அரசர். ஜின்களும் மனிதர்களும் பறவைகளும் அடங்கிய படை அவர்களுக்கு இருந்தது. ஒருநாள் அவர்கள் பறவைகளைப் பார்வையிட்டார்கள். இந்த இடத்தில்தான் 'தஃபக்குத்' என்ற சொல்லைத் திருமறை ஆளுகிறது. அத்தனை பறவைகளுக்கிடையே கொண்டலாத்தி எனப்படும் 'ஹுத்ஹுத்' ஒன்று மட்டும் இல்லாதது அவர்களின் கண்ணுக்குத் தப்பவில்லை. அதை ஏன் காணோம் என்று வினவினார்கள். தக்க காரணம் காட்டாவிட்டால் கடுமையான தண்டனை உண்டு என்றும் கூறினார்கள். சிறிது நேரத்தில் அது திரும்பி வந்து, ஸபா நாட்டைப் பற்றியும் அதன் அரசியைப் பற்றியும் அரசர் அறியாத செய்தி ஒன்றைக் கூறியது. அப்பறவையின் சொல்லை அவர்கள் பொறுமையுடன் கேட்டார்கள். ஆராய்ந்து பார்ப்போம் என்றார்கள். பின்னர் கடிதம் ஒன்றையும் கொடுத்து அதனையே தூதனுப்பினார்கள்.

ஒரு நாட்டின் வரலாறே திரும்பிய இந்நிகழ்ச்சியின் தொடக்கம் எது? ஆயிரமாயிரம் பேருக்கு நடுவே ஒரு சிறு பறவையைக் காணோமே என்று ஓர் அரசரின் மனம் கருதியதுதான். பொறுப்பிலிருப்போர் தம் கீழுள்ளவர்களின் நிலையை நேரில் விசாரித்தறிய வேண்டும் என்பதற்கு விரிவுரையாளர்கள் இந்த வசனத்தைச் சான்றாகக் காட்டுவர்.

பெருமானார் தேடிய இருவர்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலும் இதே வேர்ச்சொல் ஒரு போர்க்களத்தில் ஒலித்திருக்கிறது. போர் முடிந்ததும் பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களை நோக்கி, நீங்கள் எவரையேனும் இழந்திருக்கிறீர்களா என்று வினவினார்கள். தோழர்கள் சில பெயர்களைக் கூறினார்கள். மீண்டும் அதே கேள்வி. மேலும் சில பெயர்கள். மூன்றாம் முறை கேட்டபோது, இனி எவருமில்லை என்றார்கள். அப்போது பெருமானார் (ஸல்) அவர்கள், ஆனால் நான் ஜுலைபீபைக் காணாமல் தவிக்கிறேன் என்னும் பொருள்பட மொழிந்தார்கள்.

யார் இந்த ஜுலைபீப் (ரலி)? குலப்பெருமையோ தோற்றப் பொலிவோ செல்வமோ இல்லாத ஓர் எளியவர். பெண் கொடுக்கக்கூட மக்கள் தயங்கிய அவருக்காகத் தாமே பெண் கேட்டு மணமுடித்து வைத்தவர்கள் அண்ணலார் (ஸல்) அவர்கள். தோழர்கள் எண்ணிச் சொன்ன பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை. தேடிச் சென்றபோது, எதிரிகள் எழுவரை வீழ்த்திவிட்டு அவர்களின் அருகிலேயே உயிர் துறந்து கிடந்தார். இவர் என்னைச் சேர்ந்தவர், நான் இவரைச் சேர்ந்தவன் என்று கூறி, தம் இரு கரங்களிலேயே அவரை ஏந்தி, குழி தோண்டப்படும்வரை அப்படியே தாங்கியிருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

மற்றொரு நிகழ்ச்சி மதீனாவின் பள்ளிவாசலில் நடந்தது. அங்கே கூட்டிப் பெருக்கிவந்த ஏழைப் பெண்மணி ஒருவர் ஓர் இரவில் மறைந்தார். இதற்காகப் பெருமானாரை எழுப்ப வேண்டாம் என்று கருதித் தோழர்கள் அன்றிரவே அடக்கம் செய்துவிட்டனர். பின்னர் அப்பெண்மணியைக் காணாமல் அண்ணலார் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். நடந்ததைக் கேட்டதும், எனக்குத் தெரிவித்திருக்கக் கூடாதா என்று வருந்தினார்கள். அடக்கத்தலத்தைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று அவருக்காகத் தொழுதார்கள். ஓர் அரசையே நடத்திய தலைவருக்கு, பள்ளியைப் பெருக்குகிறவரின் முகம் ஒன்று குறைந்தது தெரிந்திருக்கிறது! நம் கடையை, அலுவலகத்தை, பள்ளியை நாள்தோறும் துப்புரவு செய்கிறவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குடையும் பதிவேடும்

இனி, என் கதைக்கு வருகிறேன். பன்னிரண்டு வயதில், எங்கள் ஊரிலிருந்து நாற்பது மைல் தொலைவிலிருந்த ஒரு மதரஸாவில் என்னைச் சேர்த்தார்கள். ஒரு மாதம் நிறைவதற்குள் வீட்டு நினைவு தாளாமல், எவரிடமும் சொல்லாமல் பேருந்தேறி ஊருக்கு வந்துவிட்டேன். தகரப் பெட்டியைக்கூட எடுத்து வரவில்லை. மறுநாள் அஸர் தொழுகை முடிந்த நேரம். எங்கள் வீட்டு வாசலில், கையில் குடையுடன் என் உஸ்தாத் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் அடுப்படியில் ஒளிந்துகொண்டேன். அவர்கள் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. உம்மா சமைத்த ஆணத்தை மெச்சி உண்டார்கள். "பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். வகுப்பில் அவன் உட்காரும் இடம் காலியாகக் கிடக்கிறது, எனக்குப் பாடம் நடத்த ஓடவில்லை" என்று வாப்பாவிடம் கூறினார்கள். இரவு தங்கினார்கள். ஃபஜ்ரு தொழுததும் புறப்பட்டார்கள். என்னை வாவென்று அழைக்கவே இல்லை. "பேருந்து நிற்கும் இடம் வரைக்கும் இந்தக் குடையை எடுத்து வாயேன், வாப்பா" என்று மட்டும் சொன்னார்கள். குடையை எடுத்துக்கொண்டு போன நான், அவர்களுடனேயே பேருந்தில் ஏறிவிட்டேன். இன்று நாலு பேருக்கு மார்க்கம் சொல்லும் தகுதி எனக்கு ஏதேனும் உண்டென்றால், அது அந்தக் குடையைச் சுமந்த காலையில் தொடங்கியது.

பிற்காலத்தில் ஹதீஸ் ஓதும்போது, மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு வந்தது. இளைஞர்கள் சிலர் மதீனாவுக்கு வந்து, பெருமானாரிடம் 20 இரவுகள் தங்கிக் கற்றார்கள். வீட்டாரின் நினைவு அவர்களை வாட்டத் தொடங்கியதை, அவர்கள் வாய்திறந்து சொல்வதற்கு முன்பே அண்ணலார் (ஸல்) அவர்கள் உணர்ந்துகொண்டார்கள். ஊரில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் விசாரித்தார்கள். பின்னர், வீட்டாரிடம் திரும்பிச் சென்று, கற்றதை அவர்களுக்குக் கற்பியுங்கள் என்று கனிவுடன் அனுப்பிவைத்தார்கள். இதனை ஓதிய அன்று, என் உஸ்தாத் எவரிடம் கற்றுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

புரிந்து என்ன பயன்? பெற்றதை நான் பிறருக்குக் கொடுக்கவில்லை. இதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

நானும் ஆசிரியனானேன். சுமார் முப்பதாண்டுகளுக்கு முன்பு, ஒரு மதரஸாவில் வருகைப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. இரண்டாம் ஜும்ராவில் ஒரு மாணவர், பதினான்கு வயதிருக்கும். கிராஅத் ஓதினால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். ரமளான் விடுமுறைக்கு ஊர் சென்றவர், ஷவ்வாலில் மதரஸா திறந்தபோது திரும்பவில்லை. மூன்று வெள்ளிக்கிழமைகள் பார்த்தேன். பிறகு சிவப்பு மையால் அவர் பெயரின்மீது ஒரு கோடு இழுத்துவிட்டு, அந்த இடத்தை வேறொரு மாணவருக்குக் கொடுத்தேன். சட்டப்படி நான் செய்ததில் தவறில்லை. நிர்வாகமும் என்னைக் கேள்வி கேட்கவில்லை.

ஒன்பதாண்டுகள் கழித்து, வேறோர் ஊரின் பேருந்து நிலையத்தில் பழம் வாங்க ஒரு தள்ளுவண்டியருகே நின்றேன். வண்டிக்காரர் ஸலாம் கூறி, என் கைப்பையை வாங்கிக்கொண்டார். "ஹஜ்ரத், என்னைத் தெரியவில்லையா?" என்றார். அவரேதான்! அந்த ரமளானிலேயே அவருடைய தந்தையார் மவுத்தாகிவிட்டதாகவும், தாயாரும் மூன்று சகோதரிகளும் இவர் ஒருவரை நம்பியிருந்ததாகவும் கூறினார். நான் அனுதாபம் தெரிவித்தேன். அவர் பழங்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "மதரஸாவிலிருந்து ஒரு கார்டு வந்தால் எப்பாடுபட்டாவது அனுப்பி வைக்கிறேன் என்று உம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்கள், ஹஜ்ரத். நானும் ரொம்ப நாள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

அவர் குரலில் குறை கூறும் தொனி சிறிதுமில்லை. பழத்துக்குக் காசு வாங்கவும் மறுத்துவிட்டார். அவர் ஹலாலான தொழில் செய்து, சகோதரிகளைக் கரையேற்றிக் கண்ணியமாகவே வாழ்ந்தார். அவ்வகையில் அவர் என்னினும் மேலானவர். ஆயினும், சில காசு விலையுள்ள ஓர் அஞ்சலட்டையை எழுதாத குற்றத்துக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. என் உஸ்தாத் நாற்பது மைல் வந்தார்கள். நான் நாலு வரி எழுதவில்லை.

கூஃபா நகரின் பட்டு வணிகர்

தனிமனிதர் மீது வைக்கும் கவனம் எத்தனை தூரம் செல்லும் என்பதைக் காண, இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. ஹிஜ்ரி 80-இல் பிறந்து 150-இல், அதாவது கி.பி. 767-இல் மறைந்தவர்கள் அவர்கள். ஈராக்கிலுள்ள கூஃபா நகரில் பட்டுத் துணி வணிகம் செய்துவந்தார்கள்.

இளமையில் ஒருநாள் கடைவீதிக்குச் சென்றுகொண்டிருந்த அவர்களை, பேரறிஞர் ஷஅபி (ரஹ்) அவர்கள் நிறுத்தி, எங்கே போய்வருகிறாய் என்று கேட்டார்கள். கடைவீதிக்கு என்றார் இளைஞர். நான் கேட்பது கடையை அன்று, எந்த அறிஞர்களிடம் சென்றுவருகிறாய் என்றார்கள் முதியவர். குறைவாகவே செல்கிறேன் என்று பதில் வந்தது. அப்படி இருந்துவிடாதே, உன்னிடத்தில் ஒரு விழிப்பையும் துடிப்பையும் காண்கிறேன், கல்வியில் ஈடுபடு என்று அறிவுறுத்தினார்கள். அச்சொல் தம் உள்ளத்தில் பதிந்து வழியை மாற்றியதாக இமாம் அவர்களே பின்னாளில் கூறியதாக நூல்கள் உரைக்கின்றன. வீதியில் எதிர்ப்பட்ட ஓர் இளைஞரிடம் ஒரு பெரியவர் சில நொடிகள் நின்று பேசியதன் விளைவு, பல நூற்றாண்டுகளாகக் கோடிக்கணக்கானோர் பின்பற்றும் ஒரு மத்ஹபாக விரிந்தது.

பெற்றதைக் கொடுக்க மறவாதவர்கள் இமாம் அவர்கள். அவர்களின் பாட அவையில் யஃகூப் என்றோர் ஏழை மாணவர் இருந்தார். அபூஹனீபா வசதி படைத்தவர், நீயோ உழைத்து உண்ண வேண்டியவன் என்று சொல்லித் தந்தையார் அவரைப் பாடத்திலிருந்து நிறுத்தினார். சில நாட்கள் கழிந்தன. இமாம் அவர்கள் அவரைக் காணாமல் விசாரித்தார்கள். அந்த வரலாற்றைக் கூறும் அரபு நூல்களும் 'தஃபக்குத்' என்னும் அதே சொல்லைத்தான் ஆளுகின்றன! மாணவர் வந்தார். எல்லோர் முன்னிலையிலும் அவர்கள் எதையும் கேட்கவில்லை. பாடம் முடிந்து மற்றவர்கள் கலைந்தபின், அவர் கையில் ஒரு பையைக் கொடுத்தார்கள். அதில் 100 திர்ஹம் இருந்தது. இது தீர்ந்ததும் எனக்குச் சொல் என்றார்கள். ஆனால், தீர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டிய நிலை அவருக்கு ஒருபோதும் வரவில்லை. சொல்வதற்கு முன்பே அடுத்த பை வந்துவிடும்.

அந்த யஃகூப்தான் பிற்காலத்தில் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) என்று உலகம் போற்றிய மேதை. கலீபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதியாக அமர்ந்தார்கள். அரசின் வரிமுறை பற்றி அவர்கள் எழுதிய 'கிதாபுல் கராஜ்' இன்றும் பயிலப்படுகிறது. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. தம்மை வளர்த்த ஆசிரியரின் கருத்துக்கு மாறாக, எத்தனையோ சட்டங்களில் அபூயூஸுஃப் அவர்கள் தீர்ப்புக் கூறியிருக்கிறார்கள். ஹனஃபி நூல்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இதைக் காணலாம். கையில் பணம் கொடுத்தவர் வாயை அடைக்கவில்லை. தம் நிழலாக ஒருவரை ஆக்குவது வளர்ப்பாகாது. தம் கால்களில் அவரை நிற்கச் செய்வதே வளர்ப்பு.

மூன்றாவது நிகழ்ச்சி, இமாம் அவர்களின் அண்டை வீட்டுக்காரரைப் பற்றியது. அவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி. பகலெல்லாம் உழைப்பார், இரவானால் மது அருந்திவிட்டு, தன்னை மக்கள் கைவிட்டு வீணாக்கிவிட்டதாக ஒருவன் முறையிடும் பழைய பாட்டொன்றை உரக்கப் பாடுவார். இரவு முழுதும் தொழும் இமாம் அவர்களின் காதில் அது விழுந்துகொண்டே இருக்கும். ஓரிரவு பாட்டுச் சத்தம் கேட்கவில்லை. நம்மில் எவராயினும், நிம்மதியாயிற்று என்று எண்ணியிருப்போம். இமாம் அவர்களோ விசாரித்தார்கள். காவலர்கள் அவரைப் பிடித்துச் சென்றுவிட்டதாகத் தெரிந்தது. ஃபஜ்ரு தொழுததும் கோவேறு கழுதையில் ஏறி நகர ஆளுநரிடம் சென்று பரிந்து பேசினார்கள். இமாமின் வருகையை மதித்து, அவரை மட்டுமன்றி அன்றுவரை பிடிக்கப்பட்டோர் பலரையும் ஆளுநர் விடுவித்தார். திரும்பும் வழியில் இமாம் அவர்கள் அவரிடம், தம்பி, நாங்கள் உன்னைக் கைவிட்டுவிட்டோமா என்று கேட்டார்கள். இல்லை, காப்பாற்றிவிட்டீர்கள் என்றார் அவர். அன்றே குடியை விட்டு மனந்திருந்தினார் என்பது வரலாறு.

எத்தனை இரவுகள் அந்தப் பாட்டை ஊரார் கேட்டிருப்பர்! எல்லோரும் சத்தத்தைக் கேட்டனர். ஒருவர்தாம் அதனுள்ளிருந்த முறையீட்டைக் கேட்டார்.

தோல்வியுற்ற நாளில்

'இவையெல்லாம் பழங்காலத்துப் பெரியோர் செயல்கள். போட்டி மிகுந்த இன்றைய வேலைத்தலங்களில் இது இயலுமா?' என்று நீங்கள் கேட்கக்கூடும். நம் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு.

இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள், இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலமான எஸ்.எல்.வி.-3 திட்டத்துக்குத் தலைமை தாங்கினார். 1979 ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அந்தக் கலம் வங்கக் கடலில் வீழ்ந்தது. பல்லாண்டு உழைப்பு சில நிமிடங்களில் நீரில் மூழ்கியது. உறக்கமின்றி உழைத்த களைப்பும் தோல்வியின் துயரமும் சேர்ந்து அழுத்த, அவர் அறைக்குச் சென்று உறங்கிப்போனார்.

அப்போது அவரைத் தேடி வந்தவர், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தை நடத்திவந்த மூத்த அறிவியலாளர் டாக்டர் பிரம்ம பிரகாஷ். முன்பும் வந்து பார்த்து, உறங்குகிறவரை எழுப்ப மனமின்றித் திரும்பியிருந்தார். பிற்பகலில் மீண்டும் வந்து, தோளைத் தொட்டு எழுப்பிச் சாப்பிட அழைத்தார். இளையவர் எழுந்தபின் சேர்ந்து உண்ணலாம் என்று அதுவரை தாமும் உண்ணாமல் காத்திருந்தார். இந்த அன்பைக் கலாம் அவர்கள் தம் சுயசரிதையான 'அக்கினிச் சிறகுகள்' நூலில் நெகிழ்ந்து குறிப்பிட்டிருக்கிறார்.

விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்த பேராசிரியர் சதீஷ் தவான், செய்தியாளர்களின் முன் தோல்விக்குத் தாமே பொறுப்பேற்று, தம் குழுவினர்மீது தமக்குள்ள நம்பிக்கையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு, 1980 ஜூலை 18 அன்று, அதே ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளை வெற்றியுடன் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று செய்தியாளர்களைச் சந்திக்கும்படி கலாம் அவர்களையே தவான் முன்னிறுத்தினார். குடியரசுத் தலைவராக உயர்ந்த பிறகும் கலாம் அவர்கள் மேடைதோறும் இதனை நன்றியுடன் கூறிவந்தார். தோல்வியைத் தாம் சுமந்து, வெற்றியைப் பிறரிடம் கொடுத்தவர் ஒருவர். உணவுக்குக் காத்திருந்தவர் மற்றொருவர். ஒரு வேலைத்தலத்தில் ஒரு மனிதனை உருவாக்க இவ்விரண்டும் போதும்.

தேடுவது வேறு, துருவுவது வேறு

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. தேடுதலில் இருவகை உண்டு. ஒன்று, நாம் இதுவரை பேசிய தஃபக்குத். மற்றொன்று 'தஜஸ்ஸுஸ்', அதாவது பிறர் அந்தரங்கத்தைத் துருவுதல். பின்னதைத் திருக்குர்ஆன் 49-ஆம் அத்தியாயம் தெளிவாகத் தடை செய்கிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், இரண்டும் விசாரிப்புத்தான். ஆனால், ஒன்று மனிதனைத் தேடுகிறது. மற்றொன்று அவனுடைய குறையைத் தேடுகிறது. விசாரித்து அறிந்ததை நாலு பேரிடம் சொல்லத் தோன்றினால், அது தஜஸ்ஸுஸ். அறிந்தபின் எவருக்கும் தெரியாமல் உதவத் தோன்றினால், அதுவே தஃபக்குத். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் மற்றவர்கள் கலையும்வரை காத்திருந்து பையைக் கொடுத்ததன் காரணம் இதுதான்.

கண்காணிப்பிலும் கனிவு வேண்டும். பெருமானாருக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், தாயாரால் கொண்டுவந்து சேர்க்கப்பட்டபோது பத்து வயதுச் சிறுவர். ஒருநாள் அவரை ஒரு வேலையாக அண்ணலார் (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். சிறுவரோ வழியில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்து நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடித்தார்கள். திரும்பினால், சிரித்த முகத்துடன் பெருமானார் (ஸல்) அவர்கள்! செல்லப் பெயரிட்டு அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார் சிறுவர். அவ்வளவுதான். அந்தப் பத்தாண்டுகளில் தம்மைச் 'சீ' என்றுகூடச் சொன்னதில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அச்சிறுவர் வழியாக நமக்குக் கிடைத்த நபிமொழிகள் 2,000-க்கும் மேல். கடைகளில் சிறுவயதுப் பணியாளரை வைத்து வேலை வாங்கி வளர்ந்த வணிகப் பெருமக்களின் வழிவந்தோர், இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஆதலின் அன்பர்களே, பெரிய திட்டங்கள் எதுவும் வேண்டியதில்லை. ஜமாஅத் நிர்வாகிகளே, சந்தா ஏட்டில் மூன்று மாதம் நிலுவை விழுந்த பெயரைப் பலகையில் எழுதுவதற்கு முன்பு, அந்த வீட்டு வாசலில் ஒருமுறை நில்லுங்கள். பணம் தராதவரா, பணம் இல்லாதவரா என்பது அங்கே தெரிந்துவிடும். முதலாளிகளே, நேற்றுவரை கலகலப்பாக இருந்த பணியாளர் இன்று தலைகுனிந்து வேலை செய்தால், தேநீர் நேரத்தில் அருகழைத்து வீட்டு நலம் கேளுங்கள். பிழைப்புக்காக அயல்நாடு சென்று ஓரறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் சகோதரர்களே, புதிதாக வந்த ஒன்பதாமவர் இரவில் உறங்குகிறாரா என்று பாருங்கள். ஆசிரியர்களே, கடைசி வரிசையில் வாய்திறவாமல் இருக்கும் பிள்ளையின் பெயரை நாளைக்கு ஒருமுறையாவது சொல்லி அழையுங்கள். கைப்பேசியில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு வாழ்த்து அனுப்பும் வசதி நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்த நூறு பேருள் ஒருவர் பல நாட்களாகப் பதில் தரவில்லை என்பதைக் கவனிக்கும் மனம்தான் கிடைக்க வேண்டும்.

பொறுப்பு என்பது பெரிய பதவிகளில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று. உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேடு உண்டு. அதில் நாலைந்து பெயர்களாவது இருக்கும்.

இன்று ஜும்ஆவுக்குச் செல்வீர்கள். தொழுகை முடிந்ததும் உடனே செருப்பைத் தேடாதீர்கள். ஒரு நிமிடம் வரிசைகளை நோக்குங்கள். வழக்கமாகத் தூணருகே அமரும் முதியவர் வந்திருக்கிறாரா? சென்ற வாரம் உங்கள் பக்கத்தில் தொழுத இளைஞர் எங்கே? ஒருவரைக் காணோமென்றால், அவர் வீட்டுக்குச் செல்லும் வழியைக் கேளுங்கள். செல்ல இயலாவிட்டால் ஒரு வரி எழுதுங்கள். எங்கோ ஒரு வாசலில், ஒரு தாயும் பிள்ளையும் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருக்கக்கூடும்.

என் பிழையை இறைவன் மன்னிப்பானாக! அதே பிழையிலிருந்து உங்களைக் காப்பானாக! ஆமீன்.